காட்டுச் சாவி

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் அந்த மடத்துக்குப் பெரிய பேரெல்லாம் கிடையாது. நாலு அறை, ஒரு கல்மண்டபம், ஒரு நந்தவனம், அதற்குப் பின்னால் அய்யனார் காடு. அவ்வளவுதான் மடம்.

மடத்தின் தலைவி தில்லைநாயகி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிற்றம்பலத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மூத்த சீடர் இளைய குருவை ‘அம்மா’ என்பார். இளைய குரு மூத்த சீடரை ‘அய்யா’ என்பார். சிற்றம்பலத்துக்கு முதலில் இதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. மடத்து நாயையும் அம்மா ‘வாங்கய்யா’ என்றுதான் கூப்பிடுகிறார் என்று தெரிந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

சிற்றம்பலம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓய்வுக்குப் பிறகு ஓர் உழவாரப்பணிக் குழுவில் சேர்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது ஒரு பழைய சிவன் கோயிலுக்குப் போய், மதிலில் முளைத்த செடிகொடிகளைப் பிடுங்கி, பிராகாரத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு வருவார்கள். நல்ல காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவர் வீட்டுக் கொல்லை அய்யனார் காட்டு வேலியை ஒட்டி இருந்தது. காற்று அடித்தால் காட்டுச் சருகெல்லாம் கொல்லைக்கு வந்துவிடும். விடிந்ததும் விடியாததுமாக விளக்குமாற்றோடு இறங்கிவிடுவார். அவர் கூட்டி முடித்த பிறகு கொல்லை மண்ணில் விளக்குமாற்றின் கோடு மட்டும்தான் இருக்கும்.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடியது, நடை கூடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கொல்லைப்பக்கத்து ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்ப்பதுதான் இப்போது அவள் பொழுது. நாக்குக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்த சமயம் காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இரண்டே சுரம். யாரோ யாரையோ தணிந்த குரலில் சீட்டியடித்துக் கூப்பிடுவது போல இருந்தது. விடியும்போது ஒருமுறை, அந்தி சாயும்போது ஒருமுறை.

“அது என்னங்க?” என்று கேட்டாள் மங்கை.

“ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து வருது. சித்திரை பொறக்கறதுக்குள்ள திரும்பிப் போயிரும்.”

“எப்படி இருக்கும்?”

“ஏழெட்டு நிறத்துல இருக்குமாம். புத்தகத்துல போட்டிருக்கு. நான் பாத்ததில்லை.”

“எனக்கு ஒருதரம் பாக்கணுங்க” என்றாள் மங்கை.

விழுந்த நாளிலிருந்து அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. புடவை வேண்டாம், பலகாரம் வேண்டாம், தங்கச்சி வீட்டுக் கல்யாணமும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஆகவே இந்த ஒன்றைக் கேட்டதும் சிற்றம்பலம் நாற்காலிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காட்டுறேன்” என்றார். “அது போறதுக்கு முன்னாடி உன்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்.”

அய்யனார் காட்டுக்குள் அப்படி நினைத்தபோது போய்விட முடியாது. வருஷத்தில் ஒருநாள், ஆடியில் ஊரார் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கும்போது திறப்பார்கள். மற்ற நாளில் இரும்புக் கதவு பூட்டியிருக்கும். சாவி அம்மாவிடம் இருக்கும். காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பொங்கலன்று வெளியே வரும்போது கதவருகே நின்று ஆண்கள் வேட்டியையும் துண்டையும் உதறுவார்கள், பெண்கள் முந்தானையை உதறுவார்கள். அய்யனாருக்குச் சொந்தமான ஓர் இலை, ஒரு விதை நம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது என்று அத்தனை பயம்.

மார்கழியில் மழை விட்டதும் சிற்றம்பலம் மடத்துக்குப் போனார். அம்மா கல்மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு பழைய குடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

“காட்டுச் சாவி வேணும்மா.”

“எதுக்கு?”

“மங்கையை நாற்காலியில வச்சு உள்ளே கூட்டிட்டுப் போகணும். கொஞ்சம் சுத்தம் பண்ணினாத்தான் சக்கரம் உருளும்.”

“அங்கே என்ன அழுக்கா இருக்கு?”

“சருகு மூடிக் கெடக்கு. புதர் வேற.”

அம்மா குடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணிக் குழு முழுவதும் வந்து இறங்கியது. அவர்களுக்குக் கோயில் என்றால் போதும், மதில் இருக்கிறதா மரம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு மூலையில் சிவ சிவ என்று ஆரம்பித்தார்கள். வீரை மரத்தடியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடந்த சருகையெல்லாம் வாரினார்கள். சூரைப் புதரை வெட்டினார்கள். சாக்கு சாக்காகக் கட்டி வெளியே ஊர் எருக்குழிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த ஒரு குவியலை, மூட்டை கட்ட சாக்கு இல்லாததால், கதவுக்கு வெளியே வைத்துக் கொளுத்தினார்கள். சாயங்காலம் கிளம்பும்போது மறக்காமல் எல்லாரும் கதவருகே நின்று வேட்டியை உதறினார்கள்.

“காடு எப்படி இருக்கு?” என்று மங்கை கேட்டாள்.

“பளிச்சுனு இருக்கு. தரையில போட்டே சாப்பிடலாம்.”

“யாரு சாப்பிடறது?” என்றாள் மங்கை.

அவர் சிரித்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனார். சக்கரம் வழுக்கிக்கொண்டு உருண்டது. நடுக்காட்டில் நாற்காலியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மூச்சு காட்டாமல் காத்திருந்தார்கள். வெயில் இறங்கியது, அந்தி வந்தது, இருட்டியும் விட்டது. சீட்டிச் சத்தம் இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே நின்று கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போனது.

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க” என்றாள் மங்கை. “வீட்டுக்குப் போயிரலாம்.”

அதற்கடுத்த நாள் விடியற்காலையிலும் சத்தம் இல்லை. அன்று அந்தியிலும் இல்லை. மங்கை ஜன்னலருகே உட்கார்ந்தே இருந்தாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏதாவது திட்டித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அவளா, காப்பி குடித்தீர்களா என்று கேட்டாள்.

தைப் பொங்கலும் வந்துபோனது. சத்தம் வரவேயில்லை. சிற்றம்பலம் மடத்துக்கு ஓடினார்.

“அம்மா, குருவியைக் காணோம்.”

“நானும் கேட்டேன். அதாவது, கேக்கலை” என்றார் அம்மா. “என்ன பண்ணினீங்க?”

“சுத்தம் பண்ணினோம்.”

“வழியையா?”

“வழியை மட்டும் பண்ணினா அரைகுறையா இருக்கும்னு எல்லா இடத்தையும்...”

அம்மா எழுந்து அவரோடு காட்டுக் கதவு வரைக்கும் வந்தார். உள்ளே பார்த்தார். மரங்களுக்கு அடியில் வெறும் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது.

“வெளியே வரும்போது வேட்டியை உதறினீங்களா?”

“உதறினோம்மா. ஒருத்தர் பாக்கியில்லாம உதறினோம். ஒரு தூசி ஒட்டலை.”

“சாக்கை?”

  ஊர் எருக்குழியோரம் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளெல்லாம் சிற்றம்பலத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

“சருகெல்லாம் எங்கே?”

“எருக்குழிப் பக்கம் மூட்டையா இருக்கு. ஒரு குவியலை எரிச்சுட்டோம்.”



“அய்யனாருக்கு ஏதாவது பரிகாரம் பண்ணிரலாமா? பாலாபிஷேகம் மாதிரி?” என்று கேட்டார் சிற்றம்பலம்.

“அபிஷேகம் இருக்கட்டும். மூட்டையைத் தூக்கலாம், வாங்க” என்றார் அம்மா. எருக்குழிக்குப் போய் ஒரு மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, நீங்க எதுக்கும்மா?”

“சாவியைக் குடுத்தது யாரு? வழியை மட்டும் கூட்டுவீங்கன்னு நெனச்சு நான்பாட்டுக்கு இருந்துட்டேன். கூட வந்து பாத்திருக்கணும்.”

குருவாயிற்றே, எல்லாம் தெரிந்தேதான் கொடுத்திருப்பார், அதில் ஏதோ பாடம் இருக்கும் என்று சிற்றம்பலம் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கு அங்கேயே கலைந்துபோனது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. தலையில் மூட்டையோடு அவர் முன்னால் நடந்தார், இவர் பின்னால் நடந்தார்.

வீரை மரத்தடியில் முதல் மூட்டையைக் கொட்டினார்கள். சிற்றம்பலம் மண்டிபோட்டு உட்கார்ந்து சருகை இரண்டு கையாலும் நிரவ ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?”

“சமமாப் பரப்புறேன்மா.”

“மரம் சமமாவா போடுது?”

கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. ஒரு வாரம் போல இரண்டு பேரும் தூக்கினார்கள். உழவாரக் குழுவினர் அதற்குள் வேறு ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள். சிற்றம்பலத்துக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசி நாளன்று, மனசிலிருந்ததைக் கேட்டேவிட்டார்.

“அவ கேட்டா. அதனால செஞ்சேன். பாக்கணும்னு ஆசைப்பட்டது தப்பாம்மா?”

“தப்பில்லை.”

“அப்ப எப்படித்தான் பாக்குறது?”

 கடைசியாக ஒரு மூட்டை மீந்திருந்தது. அம்மா அதைக் காலால் லேசாகத் தட்டினார்.

“இதை உங்க வீட்டுக் கொல்லையில கொட்டுங்க. காத்து தெனமும் அங்கே கொண்டுபோடுறதும் அய்யனார் சருகுதானே.”

“கொல்லையிலயா!” சிற்றம்பலம் பதறிப்போனார். “பூச்சிபொட்டு வருமேம்மா.”

“வரும்.”

“பாம்புகூட வரும்.”

“வந்தா அதுபாட்டுக்குப் போயிரும். செருப்புப் போட்டுக்கிட்டு எறங்குங்க. அப்புறம், உங்க விளக்குமாத்தை நாளைக்கு இங்கே கொண்டுவந்துருங்க.”

“வீட்டுக்கு?”

“கல்மண்டபம் கூட்டுறதுக்கு ஆள் இல்லாம கெடக்கு. நீங்க தெனமும் இங்கே வந்து கூட்டுங்க. அங்கே வேண்டாம்.” கையை நீட்டினார். “சாவி?”

சிற்றம்பலம் சாவியைக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஓய்வு பெற்ற நாளில் அலுவலகச் சாவியை ஒப்படைத்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

கொல்லையில் சருகைக் கொட்டியபோது மங்கை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றாள்.

“அம்மா சொன்னாங்க.”

“அப்ப சரி.”

அவருக்கு அது சரியாக இல்லை. விடிந்ததும் கை விளக்குமாற்றைத் தேடியது. அது மடத்தில் இருந்தது. போய்க் கல்மண்டபத்தைக் கூட்டினார்; கல்லே தேய்கிற மாதிரி கூட்டினார். திரும்பி வந்தால் கொல்லையில் நேற்றைய சருகின் மேல் இன்றைய சருகு விழுந்து கிடந்தது. மாசியில் காடு முழுக்க இலை உதிர்ந்தது. காற்றுக்கு வேலி ஒரு பொருட்டா? கொல்லையில் துணி துவைக்கும் கல்லே மறைந்துபோனது. வேலி ஓரமாக ஏதோ ஒரு கொடி முளைத்துப் படர்ந்தது. பேர் தெரியாத அந்தக் கொடியைப் பிடுங்கப் போன கையை இரண்டு தடவை அவரே மடக்கிக்கொண்டார்.

கொல்லைவழியாக வரும் பால்காரர் ஒருநாள் நின்று பார்த்தார்.

“சார் ஊருல இல்லையாக்கா?”

“உள்ளேதான் இருக்கார்” என்றாள் மங்கை. “மடத்துல மனசு திருந்தச் சொல்லியிருக்காங்க. அது கொஞ்சம் குப்பையாத்தான் இருக்கும் போல.”

சருகுக்கு அடியில் ஈரம் தங்கியது. பங்குனி வெயிலிலும் கையை விட்டால் சில்லென்று இருந்தது. கறையான் வந்தது, மரவட்டை வந்தது, மண்புழுவும் வந்தது. தவிட்டுக்குருவிகள் வேலியைத் தாண்டி வந்து சருகைக் கலைத்துப் பார்த்தன. மங்கை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாம்பும் ஒருநாள் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்து, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வந்த வழியே போனது.

ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை. பங்குனி பாதி போய்விட்டது.

“இந்த வருஷம் அவ்வளவுதான்னு நெனைக்கிறேன்” என்றார் சிற்றம்பலம்.

“அடுத்த வருஷம் வரும்.”

“அடுத்த வருஷம் காட்டுறேன்.”

“அதுக்கு நான் இருக்கணும், அதுவும் இருக்கணும்” என்றாள் மங்கை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சிற்றம்பலம் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, விடியும் நேரத்தில் காட்டின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் கேட்டது. இரண்டே சுரம். சிற்றம்பலம் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். மங்கை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அன்று அந்தியில் சத்தம் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. அடுத்த நாள் இன்னும் பக்கத்தில்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவர் அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கத்து அறைக்கு வந்தார். நிலைப்படியில் கால் வைக்கும்போது, ஜன்னலருகே உட்கார்ந்திருந்த மங்கை திரும்பாமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். நில்லுங்கள் என்று அர்த்தம். அவர் நின்றார்.

கொல்லையில் சருகு சலசலத்தது. நிற்கும், மறுபடி சலசலக்கும். அது தவிட்டுக்குருவியின் அவசரம் இல்லை.

அவர் நின்ற இடத்திலிருந்து மங்கையும் ஜன்னல் கம்பியும்தான் தெரிந்தன. ஓர் எட்டு வைத்தால் கொல்லை முழுதும் தெரியும். அந்த ஓர் எட்டுக்கு அவருடைய நிழலும் ஜன்னலில் விழும். டம்ளர் விரலைச் சுட்டது. வாழ்நாளில் அவர் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கால் தானாக மேலே எழும்பியது. அதைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மங்கையின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ ரகசியம் காட்டுவதைப் பார்க்கிற பிள்ளையைப் போல இருந்தாள். அவள் கண் சருகோடு சேர்ந்து நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.

பிறகு, ஜன்னலுக்கு அடியிலேயே, கை நீட்டினால் எட்டும் போல அந்தச் சீட்டி எழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மங்கை மெள்ள மூச்சை விட்டாள்.

“போயிருச்சு” என்றாள். காப்பி ஆறியிருந்தது. அதை வாங்கி அப்படியே குடித்தாள்.

“சொல்லு” என்றார் சிற்றம்பலம்.

“பச்சை. தோள்ல ஒரு நீலம், அதுமாதிரி நீலம் கடையில கெடைக்காது. வயித்துக்கடியில செவப்பு, குங்குமம் கொட்டின மாதிரி. கண்ணுக்கு மை. வால் மட்டும் இல்லவே இல்லீங்க. அவசரத்துல மறந்துட்டாங்க போல.” சிரித்தாள். “ஒவ்வொரு சருகா அலகால தூக்கிப் பாக்குது. நீங்க குப்பையைக் கிளறுற மாதிரியே. ஆனா, பாத்துட்டு அங்கேயே போட்டுருது.”

மறுநாள் காலை மடத்தைக் கூட்டப் போனார். அம்மா கல்மண்டபத்துத் தூணில் சாய்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“கொல்லைக்கு வந்துச்சும்மா” என்றார் சிற்றம்பலம்.

அம்மாவின் கை நின்றது. “பாத்தீங்களா?”

“மங்கை பாத்தா.”

“நீங்க?”

“ஒரு எட்டு வச்சா பாத்திருக்கலாம். வைக்கலை.”

 சிற்றம்பலம் விளக்குமாற்றை எடுத்து மண்டபத்தைக் கூட்ட ஆரம்பித்தார். மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டார். நந்தவனத்துப் பக்கம் போகவில்லை. முடித்துவிட்டுத் திரும்பும்போது அம்மா எழுந்து நின்றிருந்தார். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. கையில் சாவி.

“இந்தாங்கய்யா. இது இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்.”

சிற்றம்பலம் கையை நீட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

“எனக்கு எதுக்கும்மா? உள்ளே போயிச் செய்யறதுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லையே.”

“அதனாலதான்” என்றார் அம்மா.